டோலமைட்: ஊர், ஆள், கல், மலை

இத்தாலியின் வடக்கே டோலமைட் மலைகள் இருக்கின்றன. அங்கே கிடைத்ததால்தான் கல்லுக்கு டோலமைட் என்று பெயர் வந்தது என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். நடந்தது தலைகீழ். பிரான்சில் தொலொமியூ என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டவர் தியோதா த தொலொமியூ என்ற நிலவியலாளர். 1791இல் அவர் ஒரு விசித்திரமான கல்லைப் பற்றி எழுதினார். மறு ஆண்டே நிக்கோலா தியோதோர் த சொஸ்யூர் அந்தக் கல்லுக்கு அவருடைய பெயரை வைத்தார். மலைக்குப் பெயர் போனது அதற்கும் பிறகு. அதுவரை அங்குள்ளவர்கள் ‘வெளிறிய மலைகள்’ என்று சொல்லிவந்தார்கள். ஊரிலிருந்து ஆளுக்கு, ஆளிடமிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து மலைக்கு.

கல்லில் என்ன விசித்திரம்? பார்வைக்குச் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் அமிலம் விட்டால் பொங்கவில்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விழுந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் நுரைத்துக்கொண்டு கரியமில வாயு வெளியேறும். டோலமைட்டில் அதே சொட்டு பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். கத்தி முனையால் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் விட்டால்தான் மெல்லக் குமிழி கிளம்பும். களத்துக்குப் போகும் நிலவியல் மாணவர் பையில் இன்றும் அமிலக் குப்பி இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அதனால்தான் டோலமைட்டைச் ‘சுண்ணாம்புக்கல்’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்பதில்லை. சுண்ணம் என்றால் பொடி. வடமொழிச் சூர்ணத்தின் பிராகிருத வடிவம். பழைய பாடல்களில் அது பூசிக்கொள்ளும் நறுமணப் பொடி. சுட்ட கல்லில் நீர் தெளித்தால் பொடிந்து உதிர்வதால் அந்தப் பொருளுக்குப் பொருத்தமாக நின்றுவிட்டது. அந்தக் கல்லிலும் சிப்பியிலும் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். டோலமைட்டில் கால்சியத்துடன் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மெக்னீசியமும் உண்டு. அதுவும் கண்டபடி கலந்திருக்காது. ஓர் அடுக்கு கால்சியம், அடுத்த அடுக்கு மெக்னீசியம், இரண்டுக்கும் நடுவே கார்பனேட் என்று மாறி மாறி வரும். கதம்பம் கட்டுவது வேறு, ஒரு மல்லிகை ஒரு கனகாம்பரம் என்று பிசகாமல் தொடுப்பது வேறு, இல்லையா?

இந்தத் தொடுப்பில்தான் வில்லங்கம். கடல்நீரில் அணு எண்ணிக்கையில் கால்சியத்தைப் போல் ஐந்து மடங்கு மெக்னீசியம் இருக்கிறது. கணக்குப்படி கடலடியில் டோலமைட் கொட்டிக்கிடக்க வேண்டும். கிடக்கவில்லை, சிப்பியும் பவளமும் சேர்ந்து சுண்ணாம்புச் சேறுதான் படிகிறது. ஒவ்வொரு மெக்னீசிய அயனியையும் ஆறு நீர் மூலக்கூறுகள் இறுகப் பற்றியிருப்பதால், அது எளிதில் படிகத்துக்குள் வந்து அமர்வதில்லை. பழைய பாறைகளிலோ மலை மலையாக டோலமைட். இதற்கு ‘டோலமைட் புதிர்’ என்றே பெயர். லிண்டன் லேண்ட் என்ற அமெரிக்க நிலவியலாளர், அறை வெப்பத்தில் டோலமைட் படிகிறதா என்று 32 ஆண்டுகள் கரைசலை வைத்துப் பார்த்து, படியவில்லை என்று 1998இல் கட்டுரை எழுதினார். தோல்வியைத் தலைப்பிலேயே போட்டுக்கொண்ட கட்டுரை அது.

சில இடங்களில் இன்றும் உருவாகத்தான் செய்கிறது. அபுதாபிக் கரையோர உவர்நிலங்களில் வெயிலுக்கு நீர் சுண்டும்போது முதலில் ஜிப்சம் படிந்து கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். (தூத்துக்குடி உப்பளங்களிலும் உப்புக்கு முன் ஜிப்சம்தான் படியும்.) மிச்ச நீரில் மெக்னீசியத்தின் கை ஓங்கும். அந்த நீர் சுண்ணாம்புச் சேற்றுக்குள் இறங்க, அதிலுள்ள மெக்னீசியம் கால்சியத்தில் ஒரு பங்கை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மெக்னீசிய அயனி சிறியது என்பதால் கல் சற்றுச் சுருங்கி உள்ளே துளைகள் விழலாம். எண்ணெய் தேடுபவர்களுக்கு டோலமைட் பிடிக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. பிரேசிலின் லாகோவா வெர்மெல்யா என்ற உப்பங்கழியில் இந்த வேலைக்குப் பாக்டீரியா துணைபோகிறது என்று 1995இல் காட்டினார்கள்.

2023இல் மிச்சிகன், ஹொக்கைடோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் புதிருக்கு ஒரு விடை சொன்னார்கள். பூ மாறிப்போனால் அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவோமே, அதேதான். தப்பாக அமர்ந்த அணுக்கள்தான் முதலில் கரையும். மழையோ அலையோ வந்து நீரின் செறிவு குறையும்போதெல்லாம் அவை கழன்றுபோக, அடுத்த முறை சரியான வரிசை அமையும். மின்னணு நுண்ணோக்கியின் கற்றையை இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 4,000 முறை துடிக்கவிட்டு, இப்படிக் கரைத்துக் கரைத்துச் சுமார் 300 அடுக்குகள் வளர்த்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆள் பெயரை மொழிபெயர்க்க முடியாது. ஆனால் டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ‘தொலமைட்டு’ என்றும் எழுதலாம். இதை வறட்டுத் தூய்மை என்று சிரிக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர் அந்த முதல் எழுத்தை நாக்கைப் பல்லில் வைத்துத்தான் சொல்கிறார். மூலத்துக்கு நெருக்கமானது ‘தொ’தான். உரக்கடை மூட்டையில் டோலமைட் என்றே இருக்கட்டும். அது கிடக்கும் பாறை வகையைத் தமிழ்நாட்டில் படிவுப்பாறை என்கிறோம், இலங்கையில் அடையற்பாறை. கலங்கல் அடைந்து இறுகுவது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

சுண்ணாம்புக்கல் டோலமைட்டாக மாறும் வினைக்கு ‘தொலமைட்டாக்கம்’ என்று சிலர் எழுதக்கூடும். ஆக்கம் என்றால் ஆக்குகிறவர் ஒருவர் வேண்டும். சேற்றுக்குள் தானாக நடப்பதற்குத் ‘தொலமைட்டாதல்’ போதும். ஆக்கத்தை அந்த நுண்ணோக்கிக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.