மும்முறைத் தாண்டலும் பதினைந்து வயது முதுகும்

2022 ஆகஸ்டில் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டியில், மதுரையைச் சேர்ந்த செல்வ பிரபு திருமாறன் ஆண்கள் மும்முறைத் தாண்டலில் 16.15 மீட்டர் தாண்டி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதற்குப் பிறகு, காட்பாடியில் உள்ள என் இயன்முறை சிகிச்சை அறைக்கு வரும் பள்ளிப் பையன்களில் “டிரிபிள் ஜம்ப் பண்றேன் சார்” என்று சொல்பவர்கள் கூடிவிட்டார்கள். வேலூர் என்றால் பளுதூக்குதல் என்றிருந்த ஊர் இது. 2014இலும் 2018இலும் காமன்வெல்த் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். அந்த ஊரில் மணல் குழிப் பக்கமும் பையன்கள் சேர்வது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் என்னிடம் வருகிறவர்கள் வலியோடுதான் வருகிறார்கள். அவ்வலிகளில் ஒன்றை, பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் சில சமயம் எங்களைப் போன்றவர்களும்கூடச் சுளுக்கு என்று தள்ளிவிடுகிறோம். இக்கட்டுரை பெரும்பாலும் அந்த ஒரு வலியைப் பற்றியது.

முதலில் இந்த விளையாட்டு உடம்பிடம் என்ன கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஓடிவந்து பலகையில் எந்தக் காலை ஊன்றி எழும்புகிறோமோ அதே காலில்தான் முதல் தாவலில் இறங்க வேண்டும், இது ஹாப். அங்கிருந்து எழும்பி மற்றொரு காலில் இறங்குவது ஸ்டெப். அந்தக் காலால் எழும்பி மணலில் விழுவது ஜம்ப். பார்வையாளர்களின் கண் கடைசித் தாவலில்தான் நிற்கும். என் கண்ணோ ஹாப் முடிந்து தரை தொடும் அந்தக் காலைவிட்டு நகராது. முழு வேகத்தில் வரும் உடம்பு, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில், ஒற்றைக் காலில் இறங்கி மறுபடி எழும்பியாக வேண்டும். அந்தக் கணத்தில் காலில் ஏறும் விசை உடல் எடையைப்போலப் பத்து மடங்கையும் தாண்டுவதாக அளந்திருக்கிறார்கள். அது பாதத்தோடு நின்றுவிடுவதில்லை. முழங்கால், இடுப்பு என்று ஏறி, கீழ் முதுகில் வந்து சேருகிறது. இடுப்பைச் சுற்றிய தசைகள் தாங்காதபோது உடம்பு பின்பக்கம் வளைகிறது. அவ்வளைவில் கீழ் முதுகெலும்பின் பின்புறத்திலுள்ள மெல்லிய எலும்புப் பாலம் நசுங்குகிறது.

காலியில் நடந்தது போன்ற இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் (உலக ஜூனியர் போட்டி என்பதும் இதுதான்) பங்கேற்பவர்கள், அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று 16 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்கள். பெரும்பாலோர் அதற்குள் உயரம் வளர்ந்து முடிந்திருப்பார்கள். காலியில் 17.27 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற ஜமைக்காவின் ஜெய்டன் ஹிபர்ட்டுக்கு அப்போது 17 வயது. மறு ஆண்டே அவர் 17.87 தாண்டி, கிழக்கு ஜெர்மனியின் வோல்கர் மாய் 1985இல் படைத்த 17.50 மீட்டர் உலக ஜூனியர் சாதனையை முறியடித்தார். அதே 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில் 17.70 தாண்டி முதலிடம் பெற்றவர், இறுதிப்போட்டியின் முதல் முயற்சியிலேயே காயமடைந்து வெளியேறினார். உலகத் தரமான பயிற்சியும் மருத்துவக் கவனிப்பும் கிடைக்கும் உடம்பின் நிலை இது. நம் பக்கத்திலோ பதின்மூன்று, பதினான்கு வயதில், ஒரே ஆண்டில் பேன்ட் இரண்டு முறை குட்டையாகிப்போகும் பருவத்தில் இருக்கும் பையனை, மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தினமும் ஒற்றைக் காலில் தாவ வைக்கிறோம். எலும்பு நீண்டுவிட்டிருக்கும், முற்றியிருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பதினைந்து வயதுப் பையனை அவனுடைய அப்பா அழைத்துவந்தார். நடந்தால் வலி இல்லை, உட்கார்ந்தால் இல்லை, ஓடினால்கூட அதிகமில்லை. தாவும்போது மட்டும் இடுப்புக்கு மேலே இடப்பக்கம் சுருக்கென்று பிடிக்கிறது என்றான். குனியச் சொன்னேன், விரல் நுனி தரையைத் தொட்டது, வலி இல்லை. தசைப் பிடிப்பு என்று முடிவுசெய்து சூட்டு ஒத்தடமும் சில பயிற்சிகளும் கொடுத்து அனுப்பினேன். அப்பயிற்சிகளில் ஒன்று, குப்புறப் படுத்து மார்பைத் தூக்கிப் பின்னால் வளைவது. இரண்டு வாரம் கழித்து வலி கூடித் திரும்பி வந்தான். அன்றுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: இடக்காலில் மட்டும் நிற்கவைத்துப் பின்பக்கம் சாயச் சொன்னேன். சாயும்போதே அவன் கை என் தோளைப் பிடித்துக்கொண்டது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அதைப் பார்த்து அவனுடைய அப்பா நிம்மதியடைந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். படத்தில் எலும்பு நன்றாக இருக்கிறதென்றால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் இவ்வகை விரிசல் தொடக்க நிலையில் எக்ஸ்ரேக்குப் பெரும்பாலும் பிடிபடுவதில்லை. எலும்பு மருத்துவரிடம் அனுப்பி, எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் ஐந்தாவது கீழ்முதுகெலும்பின் இடப்பக்கப் பாலத்தில் விரிசல் தொடங்கியிருப்பது தெரிந்தது. இதற்கு மருத்துவத்தில் ஸ்பாண்டிலோலைசிஸ் என்று பெயர். வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கும் அதிகம் வருவது. பின்பக்க வளைவும் ஒற்றைக் கால் அடியும் சேரும் எந்த விளையாட்டிலும் வரக்கூடியது.

ஆகவே, வளரும் வயதில் தாண்டுகிற பையனுக்குக் கீழ் முதுகு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வலித்தால், அதிலும் குனியும்போது இல்லாமல் பின்னால் சாயும்போது வலித்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை எலும்பு வலியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஒற்றைக் கால் சோதனையில் வலிக்கவில்லை என்பதால் எலும்பு நன்றாக இருக்கிறதென்றும் பொருளில்லை. அது ஒரு துப்பு, அவ்வளவுதான். தைலம் தேய்த்து நீவுவதும், ஊருக்கு ஊர் இருக்கும் கட்டுக் கட்டுகிற இடத்துக்கு ஓடுவதும் நம் வட ஆற்காட்டு வழக்கம். நாள் கடப்பதுதான் அதிலுள்ள கேடு. ஒருபக்க விரிசலைத் தொடக்கத்திலேயே கண்டு, தாவலையும் ஓட்டத்தையும் ஏறக்குறைய மூன்று மாதம் நிறுத்தினால் எலும்பு ஒட்டிவிட நல்ல வாய்ப்பு உண்டு. கவனிக்காமல் விட்டு இரண்டு பக்கமும் விரிந்தால், ஓர் எலும்பு அடுத்த எலும்பின்மேல் முன்னோக்கி நழுவக்கூடும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எலும்பு ஒட்டாமலே வலியின்றி விளையாடத் திரும்பியவர்களும் நிறையப் பேர் உண்டு. ஆனால் அந்த மூன்று மாதத்தைப் பத்தாம் வகுப்பில் கொடுக்க மறுத்து, கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் ஓராண்டாகக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாப்புக்காகக் காலை வீசும்போது புட்டத்துக்குக் கீழே ‘பட்’டென்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்தேன் என்று ஒரு பையன் சொன்னால், அதைத் தொடைத் தசைப் பிடிப்பு என்று நினைத்து உடனே இழுத்து நீட்டிவிடாதீர்கள். இவ்வயதில் தசைநாரைவிட அது பற்றியிருக்கும் வளர்ச்சித் தகடே (எலும்பில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் குருத்தெலும்புப் பகுதி) பலவீனமானது. தசை கிழிவதற்குப் பதிலாக எலும்புத் துண்டே பெயர்ந்து வந்துவிடுவதுண்டு. இதற்கு எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். குதிகால் வலி அத்தனை கவலைக்குரியதன்று. பத்து முதல் பதினான்கு வயதில் வருவது, ஓய்வும் மெத்தென்ற காலணியும் கொடுத்தால் அடங்குவது.

காலணி என்றதும் ஒன்று தோன்றுகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கிற காலணிகள் கடல் தாண்டிப் போகின்றன. நம் மாவட்டத்துப் பையன்களோ ஒரு ஜோடி ஸ்பைக்ஸை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுத் தாண்டுகிறார்கள்.

பலகை வைக்கும் தூரம் பள்ளிப் போட்டிகளில் யாரும் கவனிக்காத விஷயம். சர்வதேசப் போட்டிகளில் ஆண்களுக்குப் பலகையிலிருந்து மணல் குழி தொடங்கும் இடம் வரை குறைந்தது 13 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் தாண்டுவது பதினாறு, பதினேழு மீட்டர். பதினொன்றரை மீட்டர் தாண்டும் பையனை 11 மீட்டர் பலகையிலிருந்து ஓடச் சொன்னால், ஒரு முயற்சி சற்றே பிசகினாலும் அவன் விழுவது மணலிலா, குழியின் சிமென்ட் விளிம்பிலா என்பது அதிர்ஷ்டத்தின் பாடு. ஒன்பது மீட்டரில் ஒரு பலகை போடுவதற்குப் பெரிய செலவில்லை. சுண்ணாம்புக் கோடே போதும். மணலும் அப்படித்தான். அகலமான பாலாறு பக்கத்திலேயே இருக்கிறது என்ற பெருமையெல்லாம் சரி, சித்திரை வெயிலில் இறுகிப்போன குழியை மண்வெட்டியால் கொத்திப் புரட்டித் தண்ணீர் தெளிக்காவிட்டால் அது களத்துமேடு மாதிரிதான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது எண்ணிக்கையை. ஒற்றைக் காலில் இறங்கி இறங்கித் தொடர்ந்து தாவும் பயிற்சியான பௌண்டிங்கை, பத்துத் தாவல் வீதம் எட்டு முறை செய்தால் எண்பது முறை ஒற்றைக் காலில் தரையில் மோதியாயிற்று. அதன்மேல் பலகையிலிருந்து பத்து முழுத் தாண்டல் என்றால், ஒன்றுக்கு மூன்று ஊன்றல் வீதம் இன்னும் முப்பது. இதை வாரத்தில் ஆறு நாள் செய்கிறோமா, இரண்டு நாளா என்பதில்தான் வித்தியாசம். உலகப் போட்டியிலேயே இறுதிச் சுற்றில் ஒருவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஆறு வாய்ப்புகள்தாம். பதினைந்து வயதுப் பையனுக்குத் தாவல் நாள் வாரத்துக்கு இரண்டு, அவையும் அடுத்தடுத்த நாட்களாக இல்லாமல், முடிந்தவரை புல்தரையில் என்றுதான் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். சிலர், “போட்டிக்கு நாள் இல்லையே” என்கிறார்கள். அவர்கள் நெருக்கடியும் எனக்குப் புரியாமல் இல்லை.

குடியாத்தத்துப் பையனுக்கு மறுபடி பலகையில் கால் வைக்க ஏறக்குறைய ஐந்து மாதம் ஆயிற்று. முதல் மூன்று மாதம் நடையும் வயிற்றுத் தசைக்கான பயிற்சியும் மட்டுமே; பிறகு இரு காலில் குதித்தல், பிறகு புல்லில் மெதுவான ஸ்டெப். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் எத்தனை முறை ஒற்றைக் காலில் இறங்கினான் என்று எழுதிவரச் சொன்னேன். முதல் வாரம் எல்லா நாளும் ‘இருபது’ என்றே எழுதியிருந்தான், ஞாயிற்றுக்கிழமை உட்பட. அவனுடைய அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, இனி தானே மைதானத்துக்குப் போய் எண்ணுவதாகச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து எண்கள் வேறு கையெழுத்தில் இருந்தன, நாளுக்கு நாள் மாறியும் இருந்தன.