99.9 என்று சான்றிதழை நீட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பெட்டியைத் திறந்தால் மக்னீசியம் கியர்பாக்ஸ் மூடி. மேலெல்லாம் வெள்ளைப் பொடி, நகத்தால் சுரண்டினால் பொத்தல் பொத்தலாகக் குழி. சால்ட் ஸ்ப்ரேயில் (உப்புநீர் தெளித்து அரிப்பைப் பார்க்கும் சோதனை) இரண்டு நாள்கூடத் தாங்கவில்லையாம். கொண்டுவந்தவர் இங்காட் (வாங்கிய மக்னீசியக் கட்டி) சான்றிதழை நீட்டினார். "99.9 பர்சென்ட் ப்யூர் வாங்கித்தான் சார் அலாய் போட்டோம்."

ஐயா, மீதி 0.1 சதவீதம் என்றால் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்). அதில் என்ன உலோகம் இருக்கிறது என்பதல்லவா கேள்வி? அத்தனையும் துத்தநாகமாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். சுத்த மக்னீசியம் இரும்பைச் சுமார் 170 பிபிஎம் வரை பொறுக்கும், நிக்கலை வெறும் 5. ஹானவால்ட் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 1942-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். வரம்புக்குள் இருக்கும்வரை சாதுவாக இருக்கும். தாண்டினால் அரிப்பு பத்து மடங்கு, நூறு மடங்கு எகிறும். 10 பிபிஎம் நிக்கல் உள்ள இங்காட்டுக்கு 99.99 என்றே சான்றிதழ் வாங்கலாம், பொய்யும் இல்லை! (இந்த அரிப்பைத் துரு என்று வேறு சொல்கிறார்கள். துரு இரும்புக்கு.)

மூடியை ஸ்பெக்ட்ரோவில் (எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் கருவி) வைத்தோம். நிக்கல்.

"கசடு எதில் அள்ளுகிறீர்கள்?"

"ஸ்டெயின்லெஸ் கரண்டி சார். பழசு ஓரம் தேஞ்சுபோச்சு, புதுசு மாத்திட்டோம்."

தேய்ந்த ஓரம் எங்கே போனது? 304 ஸ்டெயின்லெஸ்ஸில் 8 சதவீதம் நிக்கல். ஏஇசட்91டி என்ற மக்னீசியம் அலாய்க்கு நிக்கல் வரம்பு 0.002 சதவீதம், உருகிய உலோகம் 100 கிலோவுக்கு 2 கிராம். அதாவது கரண்டியில் 25 கிராம் கரைந்தால் போதும்.

இரும்பையாவது மாங்கனீஸ் பிடித்து அடியில் இறக்கிவிடும். நிக்கலுக்கு அந்த வைத்தியம் இல்லை. நல்ல மெட்டல் சேர்த்து நீர்க்கவைக்கத்தான் வேண்டும்.

கரண்டி, மூசை (உருக்கும் பாத்திரம்) எல்லாம் நிக்கல் இல்லாத சாதா ஸ்டீலில் இருக்கட்டும். அடிக்கசடைக் கிளறாதீர்கள், இறங்கிய இரும்பு மறுபடி வார்ப்புக்குள் ஏறிவிடும். பித்தளை இன்செர்ட் (உள்ளே பதித்த துண்டு) உள்ள ஸ்கிராப்பை அப்படியே உலையில் தள்ளினால் செம்பும் சேரும். ஸ்டீல் ஷாட் (சின்னக் குண்டுகள்) அடித்துச் சுத்தம் செய்த பரப்பில் இரும்புத்துகள் ஒட்டியிருக்கும், ஆசிட் பிக்லிங் (அமிலத்தில் முக்கிக் கழுவுவது) செய்யாமல் அனுப்பாதீர்கள்.

"பெயிண்ட் அடிச்சா சமாளிச்சிடலாமா சார்?" என்றார் கிளம்பும்போது. முதல் கீறல் விழும்வரை சமாளிக்கலாம்.

தயவுசெய்து, வார்ப்பதற்கு முன் காசு அளவுக்கு ஒரு சாம்பிள் ஊற்றி அனுப்புங்கள். ஸ்பெக்ட்ரோ பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.