காசு கட்டினால்தான் அச்சு: லினக்ஸில் நம் சொந்த அச்சுச் சேவை

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைகளில் நாலைந்து கணினிகளுக்கு ஒரே பிரிண்டர்தான் இருக்கும். ஒருவர் அடையாள அட்டையைப் பிரிண்ட் எடுக்கிறார். பக்கத்தில் ஒரு மாணவி நீளமான ஒப்படையை அனுப்புகிறாள். இன்னொருவர் வங்கிக் கணக்கு விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். இவை கலக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வருவது பிரிண்டரின் கெட்டித்தனம் அல்ல, கணினிக்குள் ஓடும் அச்சுச் சேவையின் வேலை. அதில் நம் தேவைக்கேற்ற ஒரு துண்டை நாமே எழுதிச் சேர்க்கலாம். காசு கட்டிய பிறகுதான் தாள் வரவேண்டும் என்பது அப்படி ஒரு தேவை.

லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தச் சேவையின் பெயர் கப்ஸ் (CUPS). மைக்கேல் ஸ்வீட் உருவாக்கியது, 1999இல் வெளிவந்தது. 2002இல் ஆப்பிள் அதை மேக் கணினிகளில் சேர்த்தது, 2007இல் உரிமையையே வாங்கிவிட்டது. அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி மேக்குக்கும் பொருந்தும்.

பிரிண்ட் பொத்தானை அழுத்தியதும் ஆவணம் நேரே பிரிண்டருக்குப் போவதில்லை. கப்ஸ் முதலில் அதை வட்டில் எழுதி வைக்கிறது. யார் அனுப்பியது, எத்தனை பிரதி என்பதெல்லாம் ஒரு கோப்பில், ஆவணம் இன்னொரு கோப்பில். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது நமக்கு நினைவிருக்கும். கரண்ட் போனால் பிரிண்டரின் நினைவகம் வெறுமையாகிவிடும், ஆனால் வட்டில் எழுதியது அப்படியே இருக்கும். கணினி மறுபடி எழுந்ததும் கப்ஸ் வரிசையைப் படித்து, முடியாத வேலையை முதல் பக்கத்திலிருந்து தொடங்கும்.

அடுத்தது வடிப்பான்கள், அதாவது ஆவணத்தைப் பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரல்கள். பிரிண்டருக்குத் தேவை புள்ளிகள். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஒரு ஏ4 தாள் என்றால் 4960க்கு 7016, ஏறக்குறைய 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். பிடிஎஃப்பிலிருந்து அங்கே போய்ச் சேரப் பல வழிகள் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு செலவு எண் குறித்திருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு எந்த பஸ்ஸில் ஏறி எங்கே மாறினால் மொத்தக் காசு குறையும் என்று பார்ப்பதுபோல, கப்ஸ் எண்களைக் கூட்டி மலிவான வழியைத் தேர்ந்தெடுக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ், தாளில் ஆங்கில எழுத்துக் குவியலாக வருவதும் இந்தக் கட்டத்தில் நடக்கலாம். பாமினியில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பிடிஎஃப்புக்குள் எழுத்துரு பொதிந்திருக்காவிட்டால் வடிப்பான் வேறொன்றைப் போடும், உள்ளே இருப்பது அப்படியே அம்பலமாகும். யூனிகோடில் தட்டுங்கள், எழுத்துருவைப் பொதிந்து பிடிஎஃப் ஆக்குங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

இந்தப் பயணத்தின் கடைசியில் நிற்பது பேக்எண்ட், ஆவணத்தைப் பிரிண்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் துண்டு. நாம் எழுதப்போவது இதைத்தான். இது ஒரு சாதாரண நிரல், ஷெல்லிலோ பைதனிலோ எழுதலாம். எந்தத் தகவலும் தராமல் கூப்பிட்டால் தன்னிடம் என்ன கருவி உண்டு என்று ஒரு வரி சொல்லவேண்டும். வேலை வரும்போது வேலை எண், பயனர் பெயர், தலைப்பு, பிரதிகள், விருப்பங்கள் என ஐந்து தகவல்கள் கிடைக்கும். சில நேரம் ஆறாவதாகக் கோப்பின் பெயரும் வரும். அது வராவிட்டால் ஆவணம் வடிப்பானிலிருந்து நேராக உள்ளீடாகப் பாயும், பிரதிகளை வடிப்பானே பார்த்திருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் கையாளாவிட்டால் இரண்டு பிரதி கேட்டவருக்கு நாலு கிடைக்கும்.

நிரல் முடியும்போது திருப்பித் தரும் எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 0 என்றால் முடிந்தது. 1 என்றால் தோல்வி. வரிசைக்கு நாம் வைத்த கொள்கைப்படி கப்ஸ் மறுபடி முயலும், அல்லது வேலையைக் கைவிடும், அல்லது வரிசையையே நிறுத்தும். 3 என்றால் இந்த வேலையை மட்டும் நிறுத்தி வை. 4 வரிசை முழுவதையும் நிறுத்தும். 5 வேலையை ரத்து செய்யும். நம் கடைக்கு வேண்டியது 3. காசாளர் அந்த வேலை எண்ணுக்குப் பணம் பதிந்திருக்கிறாரா என்று நிரல் பார்க்கிறது, இல்லையென்றால் 3. பணம் வந்ததும் காசாளர் விடுவிக்கிறார், கப்ஸ் மறுபடி கூப்பிடுகிறது, இம்முறை ஆவணம் உண்மையான பிரிண்டருக்குப் போகிறது. சரி, காசாளர் தன் கையாலேயே ஒவ்வொன்றையும் விடுவித்தால் போதுமா? அப்படியானால் நிரலே தேவையில்லை, வரும் வேலையை எல்லாம் நிறுத்தி வைக்கும்படி வரிசையை அமைத்துவிடலாம். கணக்கும் தானாகப் பதியவேண்டும் என்றால்தான் எழுதுவதில் அர்த்தம் உண்டு.

எழுதிய நிரலைக் கப்ஸின் பேக்எண்ட் அடைவில் வைக்கவேண்டும். உரிமையாளர் ரூட் என்ற நிர்வாகக் கணக்கு, மற்ற யாருக்கும் எழுதும் அனுமதி கூடாது, இருந்தால் கப்ஸ் ஓட்ட மறுக்கும். பிறகு ஒரு வரிசை உருவாக்கி முகவரி கொடுக்கிறோம். முகவரியில் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் சொல்லும் நிரலின் கோப்புப் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் தொடர்பு அவ்வளவுதான். அப்புறம் இரண்டு சுவிட்சுகள்: வேலையை ஏற்றுக்கொள்வது ஒன்று, அச்சிடுவது இன்னொன்று. முதலாவதை மட்டும் போட்டுவிட்டு, வேலை சேர்கிறது ஆனால் தாள் வரவில்லையே என்று குழம்புகிறவர்கள் நிறைய.

சேவையைத் தொடங்கிவைப்பது சிஸ்டம்டி, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் நிரல். அதுவே கணினிக்குள்ளிருந்து வரும் அச்சுக் கோரிக்கைக்குக் காதுவைத்து, முதலாவது வந்ததும் கப்ஸை எழுப்பும். முடியாத வேலை இருப்பதற்கான அடையாளக் கோப்பு கிடந்தாலும் எழுப்பும். மற்றக் கணினிகளும் அனுப்பவேண்டும் என்றால் கடையின் உள்வலையமைப்புக்கு மட்டும் கதவைத் திறவுங்கள், வாடிக்கையாளர்களின் வைஃபைக்கு வேண்டாம்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் கவனிக்காத இரண்டு அமைப்புகள் உண்டு. அச்சிட்டு முடித்த ஆவணத்தைக் கப்ஸ் இயல்பாக 86400 விநாடி, அதாவது ஒரு நாள், வட்டில் வைத்திருக்கும். பிறப்புச் சான்றிதழும் வங்கி விவரமும் வரும் இடத்தில் இது அதிகம், 3600 போதும். பிழையாக வந்த தாளை மறுபடி எடுக்க ஒரு மணிநேரம் கிடைக்கும். நிறுத்தி வைத்த வேலைக்கோ இயல்பாக எல்லையே இல்லை. காசு கட்டாமல் போய்விட்டவரின் அடையாள அட்டை வட்டில் கிடந்துகொண்டே இருக்கும். அதற்கும் ஒரு அதிகபட்ச நேரத்தை அமைத்த பிறகே சேவையைத் திறந்துவிடுங்கள்.