ஸ்டேஷன் வேகன்: லிட்டரைப் பார்த்து வாங்குகிறோம், கிலோவைப் பார்க்க மறக்கிறோம்

ஜெர்மனியில் வாகனப் பரிசோதனைப் பொறியாளராக வேலை செய்கிறேன். வண்டி வாங்கும் முன் என்னிடம் யோசனை கேட்கும் நம்மவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு வருகிறார்கள். எத்தனை குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடும், டிக்கி எத்தனை லிட்டர். எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கேட்பவர் அரிது. கூரை பின்கதவு வரை நீண்டிருக்கும் ஸ்டேஷன் வேகனைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். விற்பனைக் கையேட்டில் இருக்கும் எண்கள் ஏறத்தாழ காலியான வண்டியைப் பற்றிப் பேசுபவை. வேகனையோ நாம் நிரப்புவதற்காகவே வாங்குகிறோம். நிரம்பிய வேகன் வேறு விதமாகத் திரும்பும், வேறு விதமாக நிற்கும்.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு வண்டியை எடுத்துக்கொள்வது நல்லது. 2019-இல் வெளிவந்த, ஜி21 என்ற உள்குறியீடு கொண்ட பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் டூரிங்கை எடுத்துக்கொள்கிறேன். தன் வேகனுக்கு அந்த நிறுவனம் வைத்த பெயர்தான் டூரிங். இந்த வரிசை பிறந்த விதமே குடும்பத் தேவையிலிருந்துதான். 1980-களின் நடுவில் மாக்ஸ் ரைஸ்பொக் என்ற பி.எம்.டபிள்யூ ஊழியர், வளர்ந்துவந்த தன் குடும்பத்துக்கு 3 சீரிஸ் செடானில் இடம் போதவில்லை என்று, அடிபட்ட ஒரு வண்டியை வாங்கி நண்பரின் பட்டறையில் தன் கையாலேயே வேகனாக மாற்றினார். நிறுவனம் அதைப் பார்த்து உற்பத்திக்கு எடுத்துக்கொண்டது. 1987-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் முதல் 3 சீரிஸ் டூரிங் மக்கள் முன் வந்தது.

2019-இல் வந்த டூரிங்கின் நீளம் 4,709 மில்லிமீட்டர், அகலம் 1,827, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 2,851. டிக்கி 500 லிட்டர். பின்னிருக்கைகளை மடித்தால் 1,510 லிட்டர். இருக்கை 40:20:40 என்று மூன்றாக மடிவதால், நடுத்துண்டை மட்டும் சாய்த்து நீளமான பொருளை உள்ளே விட்டு, இருபுறமும் ஆள் உட்காரலாம். கதவைத் திறக்காமலே பின்கண்ணாடியை மட்டும் தனியாகத் திறக்க முடியும். நெருக்கமாக வண்டி நிறுத்தும் நகரங்களில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். மெர்செடிஸ் சி-கிளாஸ் வேகன் 490 லிட்டர், வால்வோ வி60 529 லிட்டர், ஆடி ஏ4 அவான்டும் 500-ஐ ஒட்டியே. இந்த வகுப்பில் லிட்டர் வித்தியாசத்தை வைத்து முடிவெடுப்பதில் பெரிய பொருள் இல்லை.

காலியாக ஓட்டும்போது டூரிங் அருமையான வண்டி. இதை மனதாரச் சொல்கிறேன். 320டி வகையில் இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின் 190 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தை ஏழு விநாடிகளுக்குச் சற்று மேலே தொட்டுவிடும். எடை இரண்டு அச்சுகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்திருப்பதால் வளைவில் மூக்கு வெளியே ஓடாது. ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பும். இதே நிறுவனத்தின் அந்தக் காலத்து எக்ஸ்3 என்ற எஸ்.யூ.வி.யின் டிக்கி 550 லிட்டர்தான், ஆனால் உயரம் டூரிங்கைவிட 20 சென்டிமீட்டருக்கும் அதிகம். 50 லிட்டர் கூடுதலுக்காக ஈர்ப்பு மையத்தை மேலே தூக்குவது அவசியமா என்று வாங்கும் முன் யோசியுங்கள். திடீரென்று தடம் மாற்ற வேண்டிய நேரத்தில் தாழ்வான வண்டி தரும் நம்பிக்கையை உயரமான இருக்கை தராது.

இனி கிலோவுக்கு வருகிறேன்.

லிட்டர் என்று சொல்வது எப்படி அளக்கப்படுகிறது? 20 சென்டிமீட்டர் நீளமும் 10 அகலமும் 5 உயரமும் கொண்ட, ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுவார்கள். அது முழுக்க இடத்தின் கணக்கு, அதில் எடைக்கு வேலையே இல்லை. 500 லிட்டர் டிக்கியை அரிசியால் நிரப்பினால் ஏறத்தாழ 400 கிலோ வரும். நான்கு பேர் உடன் உட்கார்ந்த நிலையில் இந்த வகுப்பு வண்டிகள் அதைத் தாங்கும்படி அனுமதிக்கப்பட்டவை அல்ல.

உங்கள் வண்டிக்கான அளவு உங்கள் கையிலேயே இருக்கிறது. ஜெர்மன் பதிவுச் சான்றின் முதல் பகுதியில் 'ஜி' என்ற கட்டத்தில் இருப்பது ஓட்டுநருக்கான 75 கிலோவையும் சேர்த்த வெற்று எடை. 'எஃப்.2' கட்டத்தில் இருப்பது அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டின் வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. கணக்குக்காக ஒரு வண்டியில் அது 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உடன் வரும் பெரியவர்கள் நால்வருக்கு 300 கிலோ போய்விடும். கூரைப்பெட்டி, அதைத் தாங்கும் கம்பிகள், உள்ளே போர்வைகளும் உடைகளும் சேர்ந்து 75 கிலோ. மிச்சம் 175. அவ்வளவுதான் டிக்கிக்கு. கண்ணாடிக் கூரை, மின்னிருக்கை, இழுவைக்கொக்கி என்று விருப்பப்பட்டுச் சேர்த்த ஒவ்வொன்றும் இந்த 175-லிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அவை எல்லாம் 'ஜி' கட்டத்தில் ஏறியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பொது எடைமேடை ஒன்றில் வண்டியை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், செலவு மிகக் குறைவு.

மொத்த எடை சரியாக இருந்தாலும் பின்னச்சின் எல்லை தாண்டியிருக்கலாம். '8.2' என்ற கட்டத்தில் பின்னச்சுக்கான அனுமதி இருக்கிறது. என் அனுபவத்தில் இந்தக் கட்டத்தைப் படித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. வேகனின் டிக்கி பின்னச்சுக்குப் பின்னாலும் நீள்கிறது. அச்சிலிருந்து அரை மீட்டர் பின்தள்ளி 200 கிலோ வைத்தால், 2,851 மில்லிமீட்டர் அச்சு இடைவெளியில் பின்னச்சின் மீது ஏறுவது 200 அல்ல, சுமார் 235 கிலோ. அந்தக் கூடுதல் 35 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சக்கரங்களிலிருந்து தூக்கப்பட்டது. திருப்பவும் தடுக்கவும் நாம் அதிகம் நம்பியிருக்கும் முன்சக்கரங்கள் சாலையை அழுத்துவது குறைகிறது. காலி வண்டியில் நான் புகழ்ந்த அந்தச் சமநிலை இப்போது இல்லை.

கோடையில் ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் நம் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகின்றன. அந்தப் பருவத்தில் ஒரு தம்பி டூரிங் ஒன்றோடு வந்தார். “அண்ணா, 140-ஐத் தாண்டினால் பின்பக்கம் வால்போல் ஆடுகிறது. ஷாக் அப்சார்பர் போய்விட்டதா?” என்று கேட்டார். ஷாக் அப்சார்பரில் குறையில்லை. இந்தத் தலைமுறையில் சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரத்துக்கேற்ப எதிர்ப்பை மாற்றிக்கொள்ளும் வகையைப் பொருத்தியிருக்கிறார்கள், நல்ல தரமானது. குறை எங்கே என்றால், அரிசி மூட்டையும் பாத்திரங்களும் தண்ணீர்ப் போத்தல்களும் பின்கதவை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. எடுக்க வசதி என்று அப்படி வைத்திருந்தார். டயரில் இருந்த காற்று, ஓரிருவர் மட்டும் போகும் வண்டிக்கான அளவு. கூரையில் பெட்டி. அதன் தயாரிப்பாளரே 130-க்கு மேல் போகாதே என்று அதன் மீது ஒட்டியிருந்தார்.

மூட்டைகளை எடுத்துப் பின்னிருக்கையின் முதுகை ஒட்டி, தரையோடு வைத்தோம். போத்தல்களை முன்னிருக்கைகளுக்குப் பின்னே கால் வைக்கும் பள்ளத்தில் இறக்கினோம். பின்கதவுப் பக்கம் உடைப்பைகள் மட்டும். முழுச்சுமைக்கான அளவுக்குக் காற்று அடித்தோம். அவர் அன்றே அழைத்து ஆட்டம் நின்றுவிட்டதாகச் சொன்னார். நான் அவரிடம் கேட்டுக்கொண்டது 130-க்குள் போங்கள் என்றுதான்.

டயர்க் காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். அதில் குறைந்த சுமைக்கு ஓர் அளவு, முழுச்சுமைக்கு வேறோர் அளவு. பல டூரிங் வண்டிகளில் முன்னே 225, பின்னே 255 என்று அகலம் வேறுபட்ட டயர்கள் இருக்கின்றன. ஆகவே முன்பின் அளவுகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்றுக் குறைந்த டயர் சுமையின்கீழ் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரிகிறது. அந்த அசைவு முழுவதும் வெப்பமாகிறது. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் அந்த வெப்பம்தான் டயரின் உள்ளடுக்குகளைப் பிரிக்கிறது. காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி கொள்ள வேண்டாம். நீங்கள் பதிந்துவைத்த அளவிலிருந்து குறைந்தால்தான் பல வண்டிகளில் அது எரியும். வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது அதற்குத் தெரியாது.

அடுத்தது, சொல்லும்போதெல்லாம் எனக்குப் பதற்றம் வரும் விஷயம். பல செடான்களில் டிக்கிக்கும் ஆட்களுக்கும் இடையே உடலமைப்பின் தகடு இருக்கிறது. வேகனில் பின்னிருக்கையின் முதுகுதான் சுவர். அதற்கு மேலே வெறும் காற்று. ஐரோப்பாவில் செல்லுபடியாகும் ஐ.நா. விதி 17-இன்படி இந்த முதுகைச் சோதிப்பது 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளைக் கொண்டு, 50 கிலோமீட்டர் வேக மோதலில். இரண்டும் சேர்ந்து 36 கிலோ. நாம் அதன் பின்னால் வைப்பது அதைப் போலப் பல மடங்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து வரும் பொருள் மோதுவது, அதே பொருள் ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பின்னிருக்கையில் இருக்கும் குழந்தையின் தலைக்கு நேரே, கட்டப்படாத எவர்சில்வர் அண்டாவை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே கனமானவை முதுகை இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் அந்தத் தூரத்தில் அது வேகம் பிடித்து வந்து இடிக்கும். டிக்கித் தரையில் உள்ள கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்குங்கள். முதுகின் உயரத்துக்கு மேல் அடுக்கினால் பிரிப்பு வலையை மேலே மாட்டியே ஆக வேண்டும். டூரிங்கில் அந்த வலையைப் பின்னிருக்கைக்குப் பின்னாலும், இருக்கையை மடித்தால் முன்னிருக்கைக்குப் பின்னாலும் மாட்டலாம். உருளைத் திரை வேறு, வலை வேறு. திரை பார்வையை மறைக்க மட்டுமே பயன்படும், எதையும் தடுக்காது. பழைய வண்டி வாங்குவோர் வலை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முந்தைய உரிமையாளரின் நிலவறையில் அது மறந்து கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பின்னால் ஆள் இல்லையென்றால் பின்னிருக்கைப் பெல்ட்டுகளைக் குறுக்காக மாட்டிவிடுங்கள், முதுகுக்கு அது கூடுதல் பிடிப்பு. ஜெர்மன் சாலைப் போக்குவரத்து விதிமுறையின் 22-ஆம் பிரிவு, அவசரமாக நிறுத்தினாலும் சுமை நகரக் கூடாது என்கிறது. பொறுப்பு ஓட்டுபவருடையது.

330இ என்ற மின்கலக் கலப்பின (பிளக்-இன் ஹைபிரிட்) வகையைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி இடம் பிடிப்பதால் டிக்கி 410 லிட்டராகக் குறைகிறது. வண்டியின் சொந்த எடையும் ஏறுகிறது. நகருக்குள் ஓட இனிமையான வண்டிதான், ஆனால் கட்டங்களைப் பார்த்துக் கழித்தல் கணக்கு போட்ட பிறகு முடிவெடுங்கள்.

வெள்ளோட்டத்துக்குப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். நால்வராகப் போங்கள், முடிந்தால் மூட்டைகளோடும். வட்டச் சந்திப்பில் ஒருமுறை முழுச் சுற்றுச் சுற்றி, முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று பாருங்கள். பின்னால் வாகனம் இல்லாத நேரான சாலையில் ஒருமுறை அழுத்தமாக நிறுத்திப் பாருங்கள்.

பழைய வேகன் என்றால் பட்டறையில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பின் டயரின் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட அதிகம் தேய்ந்திருந்தால், சக்கரக் கோணம் பிசகியிருக்கலாம் அல்லது நெடுநாள் சுமையோடு ஓடியிருக்கலாம். பின்பக்கச் சுருள்வில்லின் அடிநுனியில் துருவும் முறிவும் உண்டா என்று விளக்கடித்துப் பாருங்கள். இழுவைக்கொக்கியின் உருண்டை பளபளவென்று தேய்ந்திருந்தால், எதை, எவ்வளவு தூரம் இழுத்தார்கள் என்று கேளுங்கள். விற்பவர் தயங்கினால் பின்னச்சின் ரப்பர் புஷ்களையும் சோதித்துத் தரச் சொல்லி, அதன் பிறகு விலை பேசுங்கள்.