கைத்துப்பாக்கித் தோட்டா: வட சென்னையில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

"எது சார் ரொம்ப பவர்?" சவுகார்பேட்டையில் நகைக்கடை, அடகுக்கடை நடத்துபவர்கள் லைசென்ஸ் கைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பாதி பதிலைச் சட்டமே சொல்லிவிடுகிறது. .380, .455, சர்வீஸ் (படைகள் பயன்படுத்தும்) 9 எம்எம், .45 தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் 2016 ஆயுத விதிகளின்படி தடைசெய்யப்பட்ட ரகம். நமக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் .32 அல்லது .22. "9 எம்எம் ஒன்று இருக்கு, பேப்பர் எல்லாம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருப்பதற்குக் குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு சிறை. 14 ஆண்டு வரை போகலாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்கள் லைசென்ஸுக்குச் சென்னை காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். எண்ணூர், மணலி ஆவடி ஆணையரகத்தில் வருகின்றன. லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். எந்த போர் (.32 போன்ற குழல் விட்ட அளவு), எத்தனை தோட்டா என்று அதில் எழுதியிருப்பதைத் தாண்டி ஒரு தோட்டாகூட வைத்திருக்கக் கூடாது.

இனி பவர். .32 ரிவால்வர் குண்டு (தோட்டாவிலிருந்து பறந்து போகும் பகுதி) சுமார் 6.3 கிராம், நொடிக்கு 215 முதல் 240 மீட்டர் வேகத்தில் போகும்; ஆற்றல் 150 முதல் 180 ஜூல். 9 எம்எம்மில் இது 490 ஜூல் பக்கம். வித்தியாசம் பெரியதுதான். ஆனால் கைத்துப்பாக்கிக் குண்டு எதுவானாலும் எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது என்பதைப் பொறுத்தே ஆளை நிறுத்தும். 1986-ல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வைத்த அளவுகோலும் ஆழம்தான்: சதைக்குப் பதிலாகச் சுட்டுப் பார்க்கும் ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம். .32-ன் வேகம் குறைவு என்பதால் முனையில் குழி விட்ட தோட்டா பல நேரம் விரியாது; விரிந்தால் அந்த ஆழத்தை எட்டாது. ஆகவே .32-ல் குழி முனைக்கு ஆசைப்படாதீர்கள். குழி இல்லாத முழு முனைத் தோட்டாவே போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். .32 என்ற ஒரே பெயரில் இரண்டு தோட்டாக்கள் இருக்கின்றன. இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிவால்வர் தோட்டாவின் பித்தளைக் கூடு 23 மில்லிமீட்டர் நீளம், அடியில் விளிம்பு நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டல் தோட்டாவின் கூடு 17 மில்லிமீட்டர்தான். விளிம்பு லேசாகத்தான் தெரியும். இந்தக் குட்டைத் தோட்டா பல ரிவால்வர் சிலிண்டரில் (தோட்டா போடும் உருளையில்) உள்ளே போய் உட்கார்ந்துவிடும், சுட்டால் வெடிக்கவும் செய்யும். ரிவால்வர் தோட்டாவுக்கான உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. பழைய சிலிண்டர் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பெட்டியின் லேபிளையும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதையும் படிக்காமல் வாங்காதீர்கள்.

காலிபரைவிட (தோட்டா அளவைவிட) நம் பக்கத்தில் அதிகம் காலை வாருவது காற்று. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடல் உப்பு எல்லா இரும்பிலும் படிகிறது. தோட்டாவைத் தோல் பெல்ட்டின் வளையத்திலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். தோலில் இருக்கும் அமிலமும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். களிம்பு ஏறிய தோட்டா சிலிண்டருக்குள் முழுதாக உட்காராது, உட்கார்ந்தால் வெளியே வராது. அதைவிட மோசம் அமோனியா. பிரிட்டிஷ் காலத்தில் மழைக்காலத்துக் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்த தோட்டாக்களின் கழுத்து தானாகவே விரிசல் விட்டதற்கு இதுதான் காரணம். 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்தது நினைவிருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்போது தோட்டா திறந்து கிடந்திருந்தால் ஒவ்வொன்றின் கழுத்தையும் (கூடு குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப்பக்கத்தையும்) பூதக்கண்ணாடியில் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியதைக் குப்பையில் போடக் கூடாது, லைசென்ஸ் பெற்ற டீலரைக் கேட்டு ஒப்படையுங்கள்.

காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், துப்பாக்கியோடு சேர்க்காமல் தனிப் பூட்டு: வீட்டில் இவ்வளவு போதும். தோட்டாவுக்கு எண்ணெய் தடவவே கூடாது. எண்ணெய் பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஓரமாக உள்ளே இறங்கி மருந்தைச் செத்துப்போக வைக்கும். துப்பாக்கியைத் துடைத்த அதே எண்ணெய்க் கையோடு லோடு செய்வதும் தப்பு. பழைய தோட்டாவை ரேஞ்சில் பயிற்சிக்குச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

ரேஞ்சில் விசையை அழுத்தி வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே 30 நொடி பிடித்திருங்கள். மருந்து தாமதமாகவும் பற்றும். சத்தம் "புஸ்" என்று அடங்கி வந்தாலோ கைக்கு உதை தெரியாவிட்டாலோ அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் மாட்டியிருக்கும். பின்னால் வரும் குண்டு குழலையே பிளக்கும். எல்லாத் தோட்டாவையும் எடுத்துவிட்டு, குழல் காலியா என்று குச்சி விட்டுப் பாருங்கள்.

வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ சுவரை ஒட்டித்தான் அடுத்த வீடு. செங்கல் சுவர் .32 குண்டைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பிளைவுட் கதவு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஜன்னல் கண்ணாடி நிறுத்தாது. அந்தப் பக்கம் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் பகலில் நடந்து பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கைச் செய்ய 37-வது பிரிவு இடம் கொடுப்பதில்லை. திருடன் முதுகைக் காட்டி ஓடும்போது சுட்டால் தற்காப்பு என்று வாதாடுவது மிகக் கடினம்.

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியைச் சாமி முன் வைக்கும் வீடுகள் நிறைய. முதல் நாளே தோட்டாவை எடுத்துவிடுங்கள். சந்தனம், குங்குமத்தை உலோகத்தில் இடாமல் கைப்பிடி மரத்தில் இடுங்கள். ஈரச் சந்தனம் ஒரே இரவில் சிலிண்டர் ஓரத்தில் துருப் புள்ளி வைத்துவிடும். தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது எண்ணெய் பூசிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். திரும்ப வந்ததும் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, காலிச் சிலிண்டரை ஆறு அறையும் ஒரு சுற்று வரும்வரை சுழற்றிப் பார்த்த பிறகே லோடு செய்யுங்கள்.