நீலம் நுழையாத இடம்

ஷிபோரி என்பது துணியைக் கட்டி இறுக்கிச் சாயமிடும் ஜப்பானிய முறை; இறுகிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளை மிஞ்சும். அதைச் செய்து பார்த்த முதல் நாள், துணியை நனைக்காமலேயே சாயத்தில் முக்கிவிட்டேன். நூலை இறுக்கி இறுக்கிச் சுற்றிய இருபது முடிச்சுகள். அவிழ்த்தால் ஒரு வெள்ளை வட்டத்தையும் காணோம், கலங்கிய வெளிர்நீலத் திட்டுகள்தான். கட்டு தளர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, உலர்ந்த பருத்தி சாயத்தை நூலுக்கு அடியிலும் இழுத்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஊறிய துணியில் இழைகளுக்கிடையே ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருக்கும். அந்தத் தண்ணீருக்குள் மெல்லப் பரவித்தான் சாயம் உள்ளே போக வேண்டும். இந்தத் தாமதம்தான் வெள்ளையைக் காப்பாற்றுகிறது.

ஜப்பானிய மொழியில் ஷிபோரு என்றால் பிழிவது, இறுக்குவது. நாகோயா நகரின் அரிமாட்சு பகுதி 17ஆம் நூற்றாண்டிலிருந்தே இதற்குப் பேர்போனது. டோக்கைடோ என்ற பழைய நெடுஞ்சாலையில் போனவர்கள் அங்கே சாயமிட்ட கைத்துண்டுகளை வாங்கிப் போவார்கள். கட்டுவது, தைத்துச் சுருக்குவது, மடித்துப் பலகைகளுக்கிடையே நெருக்குவது என்று முறைகள் பல. எனக்குப் பிடித்தது அராஷி. துணியைக் குழாயில் சாய்வாகச் சுற்றி, நூலால் வரிந்து, ஒரு முனைக்குத் தள்ளிச் சுருக்க வேண்டும். விரித்தால் காற்றில் சாய்ந்து பெய்யும் மழைபோலக் கோடுகள். அராஷி என்றால் புயல்!

சரி, சாயத்துக்கு வருவோம். அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் அவுரி நீலம் (இண்டிகோ) தண்ணீரில் கரையாது. கரையாதது இழைக்குள் போகாது. அதனால் அதை ஒடுக்கி, அதாவது அதன் மூலக்கூறுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து, காரநீரில் கரையும் வடிவமாக மாற்றுகிறார்கள். எடைக் கணக்கில் நீலம் 1 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 2 பங்கு, ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை 3 பங்கு சேர்த்துச் சுடுநீரில் கலக்கினால் போதும். சர்க்கரை எலக்ட்ரான்களைத் தரும், சுண்ணாம்பு காரத்தைத் தரும். தலைக்குப் பூசும் அவுரி இலைப்பொடி இதற்கு ஆகாது; பிரித்தெடுத்த நீலமே வேண்டும். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்கவும் கூடாது. கலவை தெளிந்து மஞ்சள் பழுப்பாகி, மேலே செம்பு நிறத்தில் மினுமினுக்கும் ஏடு படிந்தால் தொட்டி தயார்.

துணியை மெதுவாக இறக்குங்கள், அடியில் தங்கிய சுண்ணாம்பில் படாமல். சளசளவென்று கலக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே போய்ச் சாயத்தைக் கெடுத்துவிடும். சில நிமிடம் கழித்து எடுத்தால் துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து நீலம் ஏறிவரும். கரைந்திருந்த சாயம் ஆக்சிஜன் பட்டு மறுபடி கரையாத நீலமாகி இழையில் சிக்கிக்கொள்கிறது.

அவுரிக்குப் பருத்தியோடு ஒட்டுதல் குறைவு. ஒரு முக்கில் மெல்லிய பூச்சுதான் ஏறும். அடர் நீலம் வேண்டுமென்று நெடுநேரம் ஊறவிட்டால் கட்டுக்கு அடியிலும் சாயம் ஊர்ந்துவிடும். சிறு சிறு முக்குகளாக நான்கைந்து முறை முக்கி, ஒவ்வொரு முறையும் காற்றில் முழுக்க நீலமாகவிடுவதே நல்லது.

அவிழ்க்கும் முன் கட்டோடு ஒருமுறை அலசுங்கள். இல்லாவிட்டால் ஒட்டாத நீலம் வெள்ளையில் இறங்கும். அப்புறம் நூலை மட்டும் பார்த்து வெட்டுங்கள். மடிப்பின் உட்புறத்தில் காற்றே படாத பச்சை இன்னும் மிச்சமிருக்கும். விரித்த துணியில் அதுவும் உங்கள் கண்முன்னே நீலமாகும்.