தைராக்சின்: சொல் விளக்கம்

"எனக்குத் தைராய்டு இருக்கு" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். தைராய்டு நோயின் பெயரல்ல. எல்லார் கழுத்திலும் இருக்கிற சுரப்பியின் பெயர். அது சுரக்கும் ஹார்மோன்களில் முதன்மையானது தைராக்சின். சுரப்பு குறைகிறதா கூடுகிறதா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

கிரேக்கத்தில் 'துரா' என்றால் கதவு. கதவைப் போல் நீண்ட கேடயம் 'துரெயோஸ்'. தொண்டையில் மேடாகத் தட்டுப்படும் குருத்தெலும்புக்குத்தான் முதலில் இந்த உவமை அமைந்தது. அந்த மேட்டுக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கும் சுரப்பிக்கு 1656இல் தாமஸ் வார்ட்டன் அதே பெயரை வைத்தார். கழுத்துக்கு அழகான உருட்சி தருவதும் அதன் வேலைகளில் ஒன்று என்று அவர் நினைத்தார். தமிழில் 'கேடயச் சுரப்பி' என்பது நல்ல பெயர், சொன்னதும் புரிகிறது.

தைராக்சினின் கதை வேறு. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வர்ட் கெண்டல் 1914 கிறிஸ்துமஸ் நாளில் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 'இண்டோல்' என்ற வேதியமைப்பு அதில் இருப்பதாக எண்ணி, தைரோ-ஆக்சி-இண்டோல் என்பதைச் சுருக்கிப் பெயரிட்டார். 1926இல் சார்லஸ் ஹாரிங்டன் சரியான அமைப்பைக் கண்டபோது அதில் இண்டோலே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இதைப் பகுதி பகுதியாகத் தமிழாக்கினால் அந்தப் பிழையும் கூடவே வரும். ஆகவே 'தைராக்சின்' அப்படியே இருக்கட்டும். ஹார்மோனுக்கு மட்டும் 'இயக்குநீர்' என்பதைத் தயங்காமல் எழுதலாம். கிரேக்க மூலச் சொல்லுக்கும் 'இயங்கத் தூண்டுதல்' என்றே பொருள்.

தைராக்சினில் நான்கு அயோடின் அணுக்கள், அதனால் அதன் சுருக்கப் பெயர் டி4. ஒன்றைக் கழற்றினால் டி3. செல்லுக்குள் பெரும்பாலும் வேலை செய்வது இதுதான். மூளை, தனக்கு வேண்டிய டி3இல் பெரும்பகுதியைத் தானே ஆக்கிக்கொள்கிறது. குருதியிலிருந்து வரும் டி4இன் ஓர் அயோடினை அங்குள்ள நட்சத்திர வடிவத் துணைச் செல்கள் நீக்கி, நரம்பணுக்களுக்குக் கொடுக்கின்றன. கருவில் நரம்பணுக்கள் உரிய இடத்துக்கு நகர்வதற்கும், பின்னர் அவற்றின் மேல் மையலின் என்ற கொழுப்பு உறை படிவதற்கும் அது வேண்டும். முதல் மூன்று மாதங்களில் கருவுக்குச் சொந்தச் சுரப்பு கிடையாது. தாயிடமிருந்து வருவது மட்டுமே. கர்ப்பிணிகள் அயோடின் கலந்த உப்பைத் தவிர்க்கக் கூடாது என்று வற்புறுத்துவது இதனால்தான்.

பெரியவர்களுக்குச் சுரப்பு குறைந்தால் மறதி, மந்தம், மனச்சோர்வு. மிகுந்தால் பதற்றம், தூக்கமின்மை, கைநடுக்கம். இவை பெரும்பாலும் சிகிச்சையில் சரியாகும். பிறவியிலேயே சுரப்பு குறைந்திருப்பது அப்படியல்ல; காலம் தவறினால் அறிவு வளர்ச்சியில் நேர்ந்த இழப்பை முழுதாக மீட்க முடியாது. பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு வாரங்களுக்குள் லீவோதைராக்சின் (மருந்தாகத் தயாரிக்கப்படும் தைராக்சின்) மாத்திரையைப் பொடித்து, சிறிது தாய்ப்பாலில் கலந்து கொடுக்கத் தொடங்கிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள்.